டிராக்டர் எஞ்சினின் அதிர்வுத் தணிப்பான்: சுத்தியல் இன்றிக் கழற்றி மாட்டும் முறை

உழவுப் பருவத்தில் டிராக்டர் ஒரு வாரம் நின்று விட்டால் ஏற்படும் இழப்பை உழவர் பெருமக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரி, டீசல் வடிகட்டி, டயர் ஆகியவற்றால் வரும் தடங்கல் ஓரிரு நாளில் நீங்கி விடும். ஆனால் எஞ்சினின் கிராங்க் தண்டு முறிந்து விட்டால் எஞ்சினை முழுவதும் பிரித்தாக வேண்டும். செலவும் மிகுதி, காலமும் மிகுதி. அதற்குள் பருவம் கடந்து விடும்.

கிராங்க் தண்டு முறிவதற்குப் பல காரணங்கள் உள்ளன. அவற்றுள் உழவர்களும் சில பட்டறைக்காரர்களும் போதிய கவனம் செலுத்தாத ஒன்று, தண்டின் முன்முனையில் பொருத்தப்பட்டுள்ள அதிர்வுத் தணிப்பான் பழுதடைவதாகும். பட்டறைகளில் இதனை 'டாம்பர் புல்லி' என்றும் 'பாலன்சர்' என்றும் கூறுவர். ஆயில் சீல் மாற்றுவதற்காக இதனைக் கழற்றும்போது சுத்தியலாலும் கடப்பாரையாலும் பலர் இதனைக் கெடுத்து விடுகின்றனர். உரிய கருவிகளைக் கொண்டு இதனைக் கழற்றவும் மாட்டவும் வேண்டிய முறைகளை இக்கட்டுரையில் காண்போம். வேலையைத் தாமே செய்பவர்களுக்கும், மெக்கானிக்கை வைத்துச் செய்து கொண்டு அருகில் நின்று பார்ப்பவர்களுக்கும் இது பயன்படும்.

அதிர்வுத் தணிப்பான் ஏன் தேவை?

நான்கு வீச்சு டீசல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் தண்டின் இரண்டு சுற்றுகளுக்கு ஒரு முறை எரிபொருள் எரிகிறது. மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றுகள் சுழலும்போது கிராங்க் தண்டின் மீது நிமிடத்துக்கு 3000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை விசை விழுகிறது. ஒவ்வொரு முறையும் தண்டு மிகச் சிறிதளவு முறுக்கிக் கொண்டு மீண்டும் தன் நிலைக்குத் திரும்புகிறது. ஈரத் துணியைப் பிழிவது போன்ற இம்முறுக்கம் கண்ணுக்குத் தெரியாது.

தண்டின் பின்முனையில் கனமான பிளைவீல் உள்ளது. எனவே அம்முனை சீராகச் சுழல்கிறது. முன்முனையைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் முறுக்க அதிர்வு அங்கேயே அதிகமாக இருக்கும். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சிறு குழந்தை தள்ளினாலும் அது மேலே மேலே போகிறது அல்லவா? அதுபோலச் சில குறிப்பிட்ட வேகங்களில் எரிதலின் விசையும் தண்டின் இயல்பான அதிர்வும் ஒன்று சேர்ந்து கொள்கின்றன. அப்போது அதிர்வு பெருகுகிறது. இது தொடர்ந்தால் தண்டில் மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றி, பின்னர் ஒரு நாள் தண்டு முறிந்து விடும்.

மோட்டார் வாகனங்கள் தோன்றிய தொடக்க காலத்திலேயே, நீளமான கிராங்க் தண்டு கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் இத்தொல்லை தெரிய வந்தது. 1910-ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலப் பொறியாளர் ஃபிரடெரிக் லாஞ்செஸ்டர் இதற்கு ஒரு தணிப்பானை அமைத்துக் காட்டினார். இன்றைய தணிப்பான்கள் அந்த அடிப்படையிலேயே வேலை செய்கின்றன.

அமைப்பு

பொதுவாகக் காணப்படும் தணிப்பானில் மூன்று பாகங்கள் உள்ளன.

1. குடம்: தண்டின் முனையில் இறுக்கமாக அமரும் நடுப்பகுதி.
2. ரப்பர் வளையம்: குடத்தைச் சுற்றி அழுத்தி ஒட்டப்பட்டிருப்பது.
3. வெளிவளையம்: ரப்பரின் மீது அமர்ந்துள்ள கனமான இரும்பு வளையம். ஃபேன் பெல்ட் ஓடும் காடி பெரும்பாலும் இதிலேயே வெட்டப்பட்டிருக்கும்.

தண்டு முறுக்கி அதிரும்போது குடமும் அதனோடு அதிர்கிறது. கனமான வெளிவளையமோ சீராகச் சுழலவே முயல்கிறது. இடையிலுள்ள ரப்பர் அதிர்வை வாங்கிக் கொண்டு வெப்பமாக மாற்றி வெளியே விட்டு விடுகிறது. ஆகவே இதில் உயிர்நிலை ரப்பரே. ரப்பர் கெட்டால் தணிப்பான் வெறும் இரும்புச் சக்கரமே.

உங்கள் எஞ்சினில் இது உள்ளதா என்பதை எளிதில் அறியலாம். முன்புறம் நின்று புல்லியைப் பாருங்கள். இரண்டு இரும்பு வளையங்களுக்கிடையே கறுப்பு ரப்பர்க் கோடு வட்டமாகத் தெரிந்தால் அது ரப்பர்த் தணிப்பான். ரப்பர் இல்லாமல் ஒரே வார்ப்பாக இருந்தால் அது பெரும்பாலும் சாதாரணப் புல்லி. மூன்று, நான்கு சிலிண்டர் டிராக்டர்களில் சிலவற்றில் தணிப்பான் இருக்கும், சிலவற்றில் இராது. அறுவடை இயந்திரங்களிலும் லாரிகளிலும் உள்ள ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் அநேகமாக இருக்கும். பெரிய எஞ்சின்கள் சிலவற்றில் ரப்பருக்குப் பதிலாக, மூடிய உறைக்குள் கெட்டியான சிலிக்கோன் திரவம் நிரப்பப்பட்டிருக்கும். அவ்வகையில் உறை சிறிது நசுங்கினாலும் உள்வளையம் சிக்கிக் கொள்ளும். அதனைத் தட்டவோ நெம்பவோ திறக்கவோ கூடாது.

பழுதின் அறிகுறிகள்

* எஞ்சின் மெதுவாக ஓடும்போது புல்லி தள்ளாடிச் சுழல்தல்.
* ஃபேன் பெல்ட் அடிக்கடி கழன்று விழுதல், அல்லது ஒரு பக்கமாகத் தேய்ந்து நார் நாராகப் பிரிதல்.
* ரப்பர் வெடித்தல், துண்டு துண்டாக உதிர்தல், பிதுங்கி வெளியே வருதல், எண்ணெய் பட்டு ஊறி மென்மையாதல்.
* வெளிவளையம் முன்னாலோ பின்னாலோ நகர்ந்து டைமிங் மூடியில் உராய்தல்.
* குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் எஞ்சின் மிகுதியாக அதிர்தல்.
* முன்பக்கம் 'டக் டக்' என்ற ஓசை. நடு போல்ட் தளர்ந்தாலும் இவ்வோசை வரும். இதனை பேரிங் ஓசை என்று எண்ணி எஞ்சினைப் பிரித்து விடாமல், முதலில் இந்தப் போல்ட்டைச் சோதிக்க வேண்டும்.
* புல்லியின் பின்புறம் எண்ணெய்க் கசிவு. இது ஆயில் சீல் தேய்ந்ததால் வருவது. கசியும் எண்ணெய் ரப்பரை ஊறச் செய்து தணிப்பானையும் கெடுக்கும். எனவே கசிவைக் காலம் கடத்தக் கூடாது.

காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்திய பின், குடத்திலிருந்து ரப்பரைக் கடந்து வெளிவளையம் வரை வெள்ளைப் பெயின்டால் ஒரே நேர்க்கோடு போடுங்கள். சில நாட்கள் வழக்கம்போல வேலை செய்த பின், எஞ்சினை நிறுத்தி விட்டுப் பாருங்கள். கோடு நேராகவே இருந்தால் வளையம் நழுவவில்லை. குடத்தில் உள்ள கோடு ஓரிடத்திலும் வளையத்தில் உள்ள கோடு வேறிடத்திலும் இருந்தால் ரப்பரின் பிடி விட்டு விட்டது. தணிப்பானை மாற்ற வேண்டும். டைமிங் குறி வெளிவளையத்தில் உள்ள எஞ்சின்களில், வளையம் நழுவினால் குறியும் இடம் மாறி விடும். அக்குறியை நம்பி வால்வு இடைவெளியும் டீசல் பம்ப்பின் டைமிங்கும் வைத்தால் எல்லாமே தவறாகும்.

சுத்தியல் ஏன் கூடாது?

தணிப்பானைப் பின்னாலிருந்து அடித்தால் அடி வெளிவளையத்தின் மீது விழுகிறது. குடம் நகர்வதற்கு முன்பே ரப்பர் பிய்ந்து விடுகிறது. அடியின் எஞ்சிய வேகம் கிராங்க் தண்டு வழியாகச் சென்று, தண்டு முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் வாஷர்களைத் தாக்குகிறது. மாட்டும்போது முன்னாலிருந்து அடித்தாலும் இதே கேடுதான். கடப்பாரையை நுழைத்து நெம்பினால் மெல்லிய டைமிங் மூடி விரிசல் விடும்.

திருகு விசையில் இயங்கும் புல்லர் இவ்வாறு செய்வதில்லை. அது குடத்தைப் பிடித்து இழுக்கும்போது தண்டின் முனையைத் தள்ளுகிறது. இழுக்கும் விசையும் தள்ளும் விசையும் குடத்துக்கும் தண்டுக்கும் இடையிலேயே முடிந்து விடுகின்றன. பேரிங்குக்கோ வாஷருக்கோ மூடிக்கோ எதுவும் போவதில்லை. இந்த ஒரு கருத்தை மனத்தில் கொண்டால் பின்வரும் முறைகள் யாவும் தாமே விளங்கும்.

தேவையான கருவிகள்

1. போல்ட் வகைப் புல்லர்: குறுக்குச் சட்டம், நடுத்திருகு, குடத்திலுள்ள மரைத் துளைகளில் பொருந்தும் இரண்டு அல்லது மூன்று போல்ட்டுகள் கொண்டது.
2. அடைதுண்டு: தண்டின் முனையிலுள்ள மரைத் துளையை மூடும் சிறு எஃகுத் துண்டு. துளையை விடப் பெரிதாகவும் குடத்தின் உள்வாயை விடச் சிறிதாகவும் இருக்க வேண்டும்.
3. மாட்டும் கருவி: தண்டின் மரைக்கு ஒத்த நீளமான மரைத் தண்டு, பெரிய நட், தடித்த வாஷர், உருளும் த்ரஸ்ட் பேரிங்.
4. நடு போல்ட்டுக்குச் சரியான அளவுள்ள சாக்கெட்டு, நீளமான கைப்பிடி.
5. டார்க் ரெஞ்சு எனப்படும் முறுக்கம் காட்டும் ஸ்பேனர்.
6. பிளைவீலைப் பூட்டும் கருவி.
7. அளவுகோல், துருவை இளக்கும் எண்ணெய், மென்மையான எமரித் தாள், சுத்தமான துணி, புதிய ஆயில் சீல்.

இவற்றுள் புல்லரும் மாட்டும் கருவியும் எப்போதோ ஒரு முறை தேவைப்படுபவை. ஒரே வகை டிராக்டர் வைத்திருக்கும் நான்கைந்து உழவர்கள் சேர்ந்து ஒரு தொகுதி வாங்கிப் பொதுவில் வைத்துக் கொள்ளலாம். மூன்று கொக்கிகள் கொண்ட சாதாரணப் புல்லர் பல வீடுகளிலும் இருக்கும். அதனை வெளிவளையத்தின் விளிம்பில் மாட்டி இழுக்கவே கூடாது. இழுத்தால் வெளிவளையம் கையோடு வரும். குடம் தண்டிலேயே நிற்கும்.

தொடங்கும் முன்

டிராக்டரின் பயிற்சிக் கையேட்டைப் பார்த்துத் தணிப்பான் எவ்வகையில் பொருத்தப்பட்டுள்ளது என்பதை அறிய வேண்டும். சில எஞ்சின்களில் அது தண்டின் முகப்பில் நான்கைந்து போல்ட்டுகளால் மட்டுமே பிணைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்குப் புல்லர் தேவையில்லை. போல்ட்டுகளை எடுத்தால் கழன்று விடும். அழுத்திப் பொருத்தப்பட்டவற்றுக்கே புல்லர் வேண்டும். நடு போல்ட் பெரும்பாலும் இடப்புறம் திருப்பினால் தளரும். சிலவற்றில் இடமரை இருக்கலாம். இதையும் கையேட்டில் பார்த்துக் கொள்ள வேண்டும்.

டிராக்டர்கள் சிலவற்றில் முன் அச்சைத் தாங்கும் சட்டம் புல்லிக்கு நேர் முன்னால் இருப்பதால், முன்பகுதியையே எஞ்சினிலிருந்து பிரித்து நகர்த்த வேண்டியிருக்கும். இது தாங்கிகளும் தூக்கும் சாதனமும் உள்ள பட்டறையில் செய்ய வேண்டிய வேலை. களத்து மேட்டில் ஜாக்கியை நம்பிச் செய்வது உயிருக்கு ஆபத்து.

கழற்றும் முறை

1. டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக் கட்டை கொடுங்கள். எஞ்சின் நன்றாக ஆறட்டும். பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றி விடுங்கள். தவறுதலாக ஸ்டார்ட்டர் இயங்கினால் கை போய் விடும்.

2. ஃபேன் பெல்ட்டைத் தளர்த்தி எடுங்கள். இடம் போதாவிட்டால் தண்ணீரை வடித்து விட்டு ரேடியேட்டரைக் கழற்றுங்கள். வடித்த நீரில் கூலண்ட் கலந்திருந்தால் மாடுகள் குடிக்காதபடி மூடி வையுங்கள், அது நஞ்சு.

3. தணிப்பானின் முன்முகத்துக்கும் தண்டின் முனைக்கும் உள்ள ஆழத்தை அளவுகோலால் அளந்து குறித்துக் கொள்ளுங்கள். மாட்டும்போது சரியாக அமர்ந்துள்ளதா என்பதை இந்த அளவே காட்டும்.

4. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, அந்த வாய் வழியாகப் பிளைவீல் பற்களைப் பூட்டும் கருவியைப் பொருத்துங்கள். திருப்புளியைப் பற்களுக்கிடையே செருகினால் பல் உடையும். ஃபேனைப் பிடித்தும் பெல்ட்டைப் பிடித்தும் தண்டை நிறுத்த முயலக் கூடாது. ஸ்டார்ட்டரை முடுக்கி நடு போல்ட்டைத் தளர்த்தும் பழக்கம் சில இடங்களில் உள்ளது. அது மிகவும் அபாயமானது, கைவிட வேண்டும்.

5. நீளமான கைப்பிடியில் சாக்கெட்டைப் பொருத்தி நடு போல்ட்டை ஒரே சீரான விசையுடன் தளர்த்துங்கள். போல்ட்டையும் வாஷரையும் எடுத்து விட்டு அடைதுண்டை வையுங்கள். அடைதுண்டு இல்லாமல் புல்லரின் திருகு நேராகத் துளையில் இறங்கினால் தண்டின் மரை கெட்டு விடும். அதனைச் சரி செய்வது எளிதன்று.

6. புல்லரின் போல்ட்டுகளைக் குடத்திலுள்ள மரைத் துளைகளில் கையால் திருகி ஏற்றுங்கள். ஒவ்வொன்றும் 7 அல்லது 8 சுற்றாவது உள்ளே போக வேண்டும். இரண்டு மூன்று சுற்றுகளில் நிறுத்தினால் இழுக்கும்போது மரை பிய்ந்து வரும். அதே சமயம் போல்ட் மிக நீளமாக இருந்தால் குடத்தைக் கடந்து சென்று டைமிங் மூடியைக் குத்தி உடைக்கும். எனவே நீளத்தை முன்பே அளந்து கொள்ளுங்கள்.

7. குறுக்குச் சட்டம் குடத்தின் முகத்துக்கு இணையாக இருக்கிறதா என்று இரு பக்கமும் அளந்து பாருங்கள். சாய்ந்திருந்தால் குடம் கோணலாக இழுபட்டுச் சிக்கிக் கொள்ளும்.

8. நடுத்திருகின் மரையிலும் முனையிலும் கிரீஸ் தடவி, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகுங்கள். குடம் சிறிது சிறிதாக வெளியே வரும். கடைசியில் சட்டென்று விடுபடலாம். ஆகையால் கீழே சாக்கு ஒன்றை மடித்துப் போட்டு, ஒருவர் தணிப்பானைப் பிடித்துக் கொள்ள வேண்டும்.

9. நகராவிட்டால் மேலும் மேலும் திருகாதீர்கள். திருகை இறுக்கிய நிலையிலேயே விட்டு, குடத்துக்கும் தண்டுக்கும் இடையில் துருவை இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு காத்திருங்கள். ரப்பரின் மீது எண்ணெய் படாமல் துணி சுற்றிக் கொள்ளுங்கள். கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டிச் சூடாக்கக் கூடாது. இரும்பு விரிவதற்குள் ரப்பர் கருகி விடும். ஆயில் சீலும் போய் விடும்.

கழற்றிய பின் சோதிக்க வேண்டியவை

ரப்பர்: வட்டம் முழுவதும் விரலால் தடவிப் பாருங்கள். ஆழமான வெடிப்பு, துண்டு இழப்பு, பிதுங்கல், எண்ணெயில் ஊறிய மென்மை ஆகியவற்றுள் எது இருந்தாலும் புதிய தணிப்பான் போட வேண்டும்.

சீல் ஓடும் பகுதி: குடத்தின் பின்புறக் கழுத்தில் ஆயில் சீலின் உதடு உராய்ந்து ஓடுகிறது. நகத்தை அதன் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதிய சீல் போட்டாலும் கசியும். அதற்கென விற்கப்படும் மெல்லிய எஃகு உறையைப் பொருத்த வேண்டும். அல்லது தணிப்பானை மாற்ற வேண்டும்.

சாவியும் சாவிக் காடியும்: சாவியின் பக்கங்கள் தேய்ந்தோ நசுங்கியோ இருந்தால் புதியது போடுங்கள். தளர்வாக உள்ள சாவிக்குத் தகரம் வைத்து இறுக்குவதும், தண்டின் மீது உளியால் கொத்திப் பருமனாக்குவதும் சில நாளைய வேலையே. காடி அகன்று விட்டால் பட்டறையின் ஆலோசனை தேவை.

ஆயில் சீல்: பழைய சீல் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் இந்தச் சமயத்திலேயே மாற்றி விடுவது சிக்கனம். சீலின் விலை சிறியது. மீண்டும் இத்தனை பாகங்களைக் கழற்றும் கூலி பெரியது. சுருள் கம்பியுள்ள உதடு எண்ணெய் உள்ள உட்பக்கம் நோக்கி இருக்கும்படி, தட்டையான மரக்கட்டையை வைத்துச் சீராக அழுத்திப் பொருத்துங்கள். உதட்டில் எஞ்சின் ஆயில் தடவுங்கள்.

வெல்டிங்கும் கடைசல் புல்லியும் வேண்டாம்

நழுவிய வெளிவளையத்தைக் குடத்தோடு மூன்று நான்கு இடங்களில் வெல்டிங் வைத்து ஒட்டிக் கொடுக்கும் வழக்கம் சில ஊர்களில் உள்ளது. தணிப்பான் அளவில் ஓர் இரும்புப் புல்லியைக் கடைந்து மாட்டுவதும் உண்டு. இரண்டிலும் பெல்ட் ஓடும், டைனமோ சார்ஜ் ஏறும், எஞ்சினும் ஓடும். எனவே செலவு மிச்சம் என்று தோன்றும். ஆனால் அதிர்வை வாங்கிக் கொள்ள ரப்பர் அங்கே இல்லை. அதிர்வு முழுவதும் தண்டிலேயே தங்குகிறது. கேடு உடனே தெரியாது; பல மாதங்கள் கழித்துக் கனமான உழவின்போது தண்டு முறியும். அப்போது குற்றம் தண்டின் மீது சுமத்தப்படும். புல்லியை யாரும் நினைப்பதில்லை.

பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் தணிப்பானும் வேண்டாம். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதன் ரப்பர் வயதாகி இறுகியிருக்கும். மேலும் வெளிவளையத்தின் எடையும் ரப்பரின் கடினமும் ஒவ்வோர் எஞ்சினுக்கும் கணக்கிட்டு அமைக்கப்படுபவை. அளவு ஒத்திருந்தால் மட்டும் போதாது. கையேட்டிலுள்ள உதிரிப்பாக எண்ணைச் சொல்லியே வாங்க வேண்டும்.

மாட்டும் முறை

1. தண்டின் முனையையும் குடத்தின் உட்புறத்தையும் துடைத்து, துரு இருந்தால் மென்மையான எமரித் தாளால் தேய்த்து, தூசியை நீக்குங்கள். தண்டின் மரைத் துளையிலுள்ள அழுக்கையும் எண்ணெயையும் எடுத்து விடுங்கள்.

2. சாவியைக் காடியில் நேராக அமர்த்துங்கள். தண்டிலும் குடத்தின் உட்புறத்திலும் மெல்லியதாக எண்ணெய் தடவுங்கள். குடத்தின் காடியும் சாவியும் நேர்படும்படி கையால் தள்ளி வையுங்கள். சாவி பின்னுக்குத் தள்ளப்படாமல் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

3. மாட்டும் கருவியின் மரைத் தண்டைக் கிராங்க் தண்டின் துளையில் முழு ஆழத்துக்குத் திருகுங்கள். பின்னர் பேரிங், வாஷர், நட் ஆகியவற்றை வரிசையாகப் போடுங்கள்.

4. மரைத் தண்டை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக் கொண்டு, நட்டை மற்றொரு ஸ்பேனரால் திருகுங்கள். குடம் சீராக உள்ளே செல்லும். நடுவில் திடீரென்று இறுகினால் நிறுத்தி, சாவி நேராக உள்ளதா என்று பாருங்கள்.

5. குடம் அடியில் அமர்ந்ததும் நட் நன்றாக இறுகும். முன்பு குறித்த ஆழத்தோடு ஒப்பிடுங்கள். அளவு ஒத்திருந்தால் கருவியைக் கழற்றி விடலாம்.

நடு போல்ட்டையே திருகித் தணிப்பானை உள்ளே இழுப்பது பலரிடம் உள்ள வழக்கம். தொடக்கத்தில் அந்தப் போல்ட்டின் சில மரைகளே துளையைப் பிடித்திருக்கும். முழு விசையும் அச்சில மரைகளின் மேல் விழுவதால் அவை பிய்ந்து விடும். நீளமான மரைத் தண்டு தேவைப்படுவதன் காரணம் இதுவே.

6. நடு போல்ட்டை வாஷருடன் போட்டு, கையேட்டில் குறிப்பிட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். சில எஞ்சின்களில் இந்தப் போல்ட்டை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. புதியதே போட வேண்டும்.

முறுக்க அளவு சில கையேடுகளில் கிலோ-மீட்டரிலும், சிலவற்றில் நியூட்டன்-மீட்டரிலும், பழையவற்றில் அடி-பவுண்டிலும் இருக்கும். 1 கிலோ-மீட்டர் என்பது ஏறத்தாழ 9.8 நியூட்டன்-மீட்டர், அல்லது 7.2 அடி-பவுண்டு ஆகும். 1 மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 10 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் கிடைப்பது 10 கிலோ-மீட்டர். அரை மீட்டர்க் கைப்பிடியில் அதே முறுக்கத்துக்கு 20 கிலோ தேவை. பலம் உள்ள மட்டும் இறுக்குவது சரியான அளவு ஆகாது. குறைந்தால் போல்ட் தளர்ந்து சாவி வெட்டுப்படும். மிகுந்தால் போல்ட் நீண்டு பலமிழக்கும்.

7. பிளைவீல் பூட்டை மறவாமல் எடுத்து விடுங்கள். எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றிப் பார்த்து, எங்கும் உராயவில்லை என்று உறுதி செய்த பின் ஸ்டார்ட்டர், பெல்ட், ரேடியேட்டர், பேட்டரி இணைப்பு ஆகியவற்றை மாட்டுங்கள். ரேடியேட்டரில் நீர் நிரப்புங்கள்.

8. எஞ்சினை மெதுவான வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். புல்லிக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று தள்ளாட்டமும் கசிவும் உள்ளனவா என்று கவனியுங்கள். அவ்வேளையில் வேட்டி நுனி, தோள் துண்டு, சேலை முந்தானை ஆகியவை பெல்ட்டின் அருகே போகக் கூடாது. சிறுவர்களைத் தள்ளி நிறுத்துங்கள்.

9. முன்பு கூறியபடி குடத்திலிருந்து வெளிவளையம் வரை வெள்ளைக் கோடு போட்டு வையுங்கள். பின்னாளில் நழுவல் ஏற்பட்டால் அது காட்டிக் கொடுக்கும்.

பம்ப்செட் எஞ்சின் வைத்திருப்போருக்கு

கிணற்றடியில் உள்ள ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினில் இத்தகைய தணிப்பான் பொதுவாக இராது. அதன் கனமான பிளைவீல் எரிதல் இல்லாத வீச்சுகளில் எஞ்சினைச் சுழலச் செய்வதற்காக உள்ளது. எனினும் கழற்றும்போது மேற்கூறிய விதியே பொருந்தும். மெதுவாக ஓடும் பழைய வகை எஞ்சின்களில் பிளைவீல், தலையுள்ள சரிவுச் சாவியால் இறுக்கப்பட்டிருக்கும். இச்சாவி 100-க்கு 1 என்ற சரிவுடையது. சாவித் தலையைச் சுத்தியலால் பக்கவாட்டில் அடித்தால் தலை ஒடிந்து, மீதி உள்ளேயே நின்று விடும். தலைக்கும் குடத்துக்கும் இடையே இரு பக்கமும் ஒன்றுபோல ஆப்பு இறக்கியோ, சாவி இழுக்கும் கருவியாலோ நேராக வெளியே எடுக்க வேண்டும். பிளைவீல் மிகவும் கனமானது. தாங்கிப் பிடிக்கக் கட்டையும் ஆட்களும் இல்லாமல் தொடங்கக் கூடாது.

நினைவில் கொள்க

* இழுப்பது குடத்தில், வெளிவளையத்தில் அன்று.
* உள்ளே செலுத்துவது மரைத் தண்டால். சுத்தியலாலும் நடு போல்ட்டாலும் அன்று.
* ரப்பருக்கு எண்ணெயும் நெருப்பும் பகை.
* தணிப்பானைக் கழற்றினால் ஆயில் சீலை மாற்றுக.
* வெல்டிங் வைத்த தணிப்பான் தணிப்பான் அன்று.
* இறுக்குவதற்கு அளவு கையேட்டில் உள்ளது. கையின் பலத்தில் இல்லை.

குறுவைக்கும் சம்பாவுக்கும் நிலம் தயாரிக்கும் முன், ஆயில் மாற்றும் நாளிலேயே ஐந்து நிமிடம் ஒதுக்கி, தணிப்பானின் ரப்பரையும் வெள்ளைக் கோட்டையும் பார்த்து விடுங்கள். மானாவாரி உழவர்கள் ஆடிப் பட்டத்துக்கு முன்னர் இதனைச் செய்யலாம். பழுது தெரிந்தால் உழவு இல்லாத நாட்களிலேயே வேலையை முடித்துக் கொள்ளலாம். மெக்கானிக்கிடம் விடும்போது, "புல்லர் இருக்கிறதா? மாட்டும் கருவி இருக்கிறதா?" என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள். இல்லை என்றால் கருவி கிடைக்கும் வரை காத்திருப்பதே மேல். ஐயம் இருந்தால் அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகி ஆலோசனை பெறுமாறு உழவர் பெருமக்களைக் கேட்டுக் கொள்கிறோம்.